பண்ணைத் தண்ணீரில் கோலிஃபார்ம்: கண்டுபிடிப்பதும் வகை பிரிப்பதும்

ஆய்வறிக்கையில் "கோலிஃபார்ம் உள்ளது" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், அதை வைத்துப் பண்ணையில் எதையும் சரிசெய்ய முடியாது. சாணக்குழியின் கசிவு கிணற்றில் இறங்கியிருந்தாலும் அந்த வரிதான் வரும். மேல்நிலைத் தொட்டியின் உட்சுவரில் படிந்த வழவழப்பில் மண் பாக்டீரியா குடியேறியிருந்தாலும் அதே வரிதான். முதலாவதற்குக் கிணற்றின் மேற்கட்டையும் சுற்றுப்புறத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குத் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எந்தக் கோலிஃபார்ம், எந்த இடத்தில், எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று முடிவெடுக்கலாம்.

கோலிஃபார்ம் என்பது ஒரே இனத்தின் பெயர் அல்ல. கிராம் நெகட்டிவ் (கிராம் சாயமேற்றினால் இளஞ்சிவப்பாகத் தெரிவது), கோல் வடிவம், வித்து உருவாக்காதது, ஆக்சிடேஸ் நெகட்டிவ் (ஆக்சிடேஸ் என்ற நொதி இல்லாதது), 35 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரத்துக்குள் லாக்டோஸை (பால் சர்க்கரையை) நொதிக்கவைத்து அமிலமும் வாயுவும் உண்டாக்குவது: இத்தனையும் பொருந்தும் பாக்டீரியாக்களின் கூட்டம் அது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் ஆகியவை இதில் முக்கியமானவை. இவற்றில் ஈ.கோலைக்கு வெப்ப இரத்த விலங்குகளின் குடலே சொந்த வீடு. மற்ற மூன்றும் குடலிலும் இருக்கும். மண்ணிலும் செடியிலும் மரத்தூளிலும் குழாயின் உட்பரப்பிலும் தாமாகவே பெருகும். வகை பிரிக்கும் வேலை முழுவதும் இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்காகத்தான்.

மாதிரி எடுப்பது

தவறான முடிவுகளில் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பகுதியில் அவசரம் கூடாது.

ஒரே இடத்தில் ஒரு பாட்டில் எடுத்தால் போதாது. கிணறு அல்லது போர்வெல்லின் பம்ப்புக்கு அருகில், தொட்டிக்குள் நுழையும் முன், ஒன்று. தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒன்று. குழாய்வழியின் கடைசி முனையில் ஒன்று. குறைந்தது இந்த மூன்றும் ஒரே நாளில் வேண்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மாசு எங்கே நுழைகிறது என்பது தெரியும். கால்நடை நேரடியாக வாய் வைக்கும் தொட்டித் தண்ணீரில் கோலிஃபார்ம் எப்போதும் இருக்கும். அந்தத் தொட்டியில் எடுத்த மாதிரியை வைத்துக் கிணற்றைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பாட்டில் கிருமி நீக்கியதாக, குறைந்தது 120 மி.லி. கொள்ளளவு உள்ளதாக இருக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால், கிருமி நீக்குவதற்கு முன்பே 10 சதவீத சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் 0.1 மி.லி. பாட்டிலில் விட்டிருக்க வேண்டும். 120 மி.லி. மாதிரியில் லிட்டருக்கு சுமார் 15 மி.கி. வரை உள்ள குளோரினை இது செயலிழக்கச் செய்யும். இது இல்லாவிட்டால், வண்டியில் வரும் நேரத்தில் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குழாயில் இருந்த மாசு அறிக்கையில் காணாமல் போகும். தயோசல்ஃபேட் உள்ள பாட்டிலைத் தண்ணீரால் அலசக் கூடாது.

குழாய் முனையில் சல்லடை, ரப்பர் ஹோஸ், வாஷர் இருந்தால் கழற்றிவிடுங்கள். உலோகக் குழாயானால் முனையைத் தீயால் சுடலாம். பிளாஸ்டிக் குழாயை ஹைப்போகுளோரைட் கரைசலால் நன்றாகத் துடைத்து, ஓரிரு நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீரை 5 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்துத் தெறிக்காமல் பிடியுங்கள். குழாய்வழி நீளமாக இருந்தால் 5 நிமிடம் போதாது; தேங்கிய தண்ணீர் முழுவதும் வெளியேற வேண்டும். மூடியின் உட்புறத்தையும் பாட்டிலின் வாயையும் தொடாதீர்கள், மூடியைத் தரையில் வைக்காதீர்கள். மேலே 2.5 செ.மீ. காலியிடம் விடுங்கள், ஆய்வின்போது குலுக்கிக் கலக்க அது தேவை. குளம், வாய்க்காலில் எடுக்கும்போது பாட்டிலைக் கவிழ்த்து 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, நீரோட்டம் வரும் திசையை நோக்கி வாயைத் திருப்பி நிரப்புங்கள். மேற்பரப்பு நுரையும் அடிச்சேறும் உள்ளே வரக் கூடாது.

பாட்டிலை ஐஸ் பெட்டியில் 10 டிகிரிக்குக் கீழே வையுங்கள், உறையவிடாதீர்கள். கிணறு, குளத்து மாதிரியை 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்து, அடுத்த 2 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிடுவது நல்லது. குடிநீர் மாதிரிக்கு 30 மணி நேரம் வரை அனுமதி உண்டு என்றாலும், வெயிலில் நின்ற பாட்டிலுக்கு எந்த நேரக்கணக்கும் பொருந்தாது. அதில் பாக்டீரியா பெருகவும் செய்யும், சாகவும் செய்யும்.

பல குழாய் முறை: மூன்று கட்டம்

கலங்கல், பாசி, மண் கலந்த பண்ணைத் தண்ணீருக்கு இன்றும் நம்பகமான முறை இதுதான். மெதுவானது, கண்ணாடிச் சாமான் நிறைய வேண்டும். ஆனால் சேறு கலந்த தண்ணீரிலும் வேலை செய்யும்.

முதல் கட்டம் அனுமானச் சோதனை. லாரில் டிரிப்டோஸ் திரவ ஊடகம் உள்ள குழாய்களில் வாயுவைப் பிடிக்கும் சிறிய டர்ஹாம் குழாயைத் தலைகீழாகப் போட்டு, 121 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். அதற்கு மேல் வைத்தால் லாக்டோஸ் சிதையத் தொடங்கும். லாக்டோஸை நொதிக்கவைக்காத பாக்டீரியாவும் பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு உண்டு. ஆறிய பிறகு ஒவ்வொரு டர்ஹாம் குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்கியிருந்தால் அந்தக் குழாயை ஒதுக்குங்கள்.

மாதிரிப் பாட்டிலைக் குறைந்தது 25 முறை வேகமாகக் குலுக்கிவிட்டு, மூன்று குழாய்களில் தலா 10 மி.லி., மூன்றில் தலா 1 மி.லி., மூன்றில் தலா 0.1 மி.லி. விடுங்கள். 10 மி.லி. மாதிரி போகும் குழாய்களில் ஊடகம் இரட்டைச் செறிவில் 10 மி.லி. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதிரி ஊடகத்தைப் பாதியாக நீர்க்கச் செய்துவிடும். குளத்துத் தண்ணீர், தொட்டித் தண்ணீருக்கு 1, 0.1, 0.01 மி.லி. என்று தொடங்குங்கள். அப்போது அட்டவணை மதிப்பைப் பத்தால் பெருக்க வேண்டும். நீர்க்கச் செய்த மாதிரியை 30 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

35 டிகிரி இன்குபேட்டரில் 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும் 48 மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். டர்ஹாம் குழாயில் வாயு, எவ்வளவு சிறிய குமிழியானாலும், பாசிட்டிவ். குழாயை மெல்லத் தட்டும்போது நுண்குமிழிகள் மேலெழும்பினால் அதுவும் கணக்குதான். ஊடகம் கலங்கிப்போய் வாயு மட்டும் இல்லையென்றால், மற்ற பாக்டீரியாக்கள் மிகுந்து கோலிஃபார்மை அடக்கியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட குழாயையும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் கட்டம் உறுதிச் சோதனை. பாசிட்டிவ் குழாய் ஒவ்வொன்றிலிருந்தும் 3 மி.மீ. வளையத்தால் ஒரு வளையம் எடுத்து, 2 சதவீத பிரில்லியன்ட் கிரீன் பைல் ஊடகத்தில் ஒன்றும், இசி (ஈ.கோலையைத் தேடும்) ஊடகத்தில் ஒன்றுமாக ஒரே நேரத்தில் இடுங்கள். முதலாவது 35 டிகிரியில் 48 மணி நேரம்: வாயு வந்தால் மொத்தக் கோலிஃபார்ம் உறுதி. இரண்டாவது 44.5 டிகிரியில் 24 மணி நேரம்: வாயு வந்தால் வெப்பம் தாங்கும் கோலிஃபார்ம், அதாவது மலக்கோலிஃபார்ம் என்று வழங்கப்படுவது.

இந்த 44.5 டிகிரியில்தான் பல ஆய்வகங்கள் கோட்டை விடுகின்றன. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 0.2 டிகிரி மட்டுமே. காற்று இன்குபேட்டரால் இதைப் பிடித்து வைக்க முடியாது; சுழலும் நீர்த்தொட்டி வேண்டும், தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்குள் உள்ள ஊடகத்தின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் மண்ணில் வாழும் வகைகளும் தப்பி வளர்ந்துவிடும். ஒரு டிகிரி கூடினால் ஈ.கோலையே வாயு தராமல் போகலாம். தொட்டியின் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், அளவீடு சரிபார்த்த தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு அளவிலும் உறுதியான குழாய்களின் எண்ணிக்கையை எழுதி எம்பிஎன் (மிக அதிகம் சாத்தியமான எண்ணிக்கை) அட்டவணையில் பாருங்கள். மூன்று குழாய் முறையில் 3-0-0 என்றால் 100 மி.லி.க்கு 23; 3-1-0 என்றால் 43; 3-2-0 என்றால் 93; 3-3-0 என்றால் 240; மூன்றும் மூன்றாக வந்தால் 1100க்கு மேல். இவை நிகழ்தகவு மதிப்பீடுகள். 43 என்ற எண்ணுக்குப் பின்னால் உண்மை மதிப்பு ஏறத்தாழ 9 முதல் 180 வரை எங்கேயும் இருக்கலாம். போன மாதம் 43, இந்த மாதம் 93 என்பதைப் பார்த்து மாசு இரண்டு மடங்காகிவிட்டது என்று சொல்லக் கூடாது. 23இலிருந்து 1100க்குப் போனால் அது பேச வேண்டிய விஷயம்.

மூன்றாம் கட்டம் நிறைவுச் சோதனை: உறுதியான குழாயிலிருந்து இஎம்பி (ஈயோசின், மெத்திலீன் புளூ சாயங்கள் கலந்த) அகார் தட்டில் கோடிழுத்து 35 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். ஈ.கோலை கருத்த நடுப்பகுதியுடன் தட்டையாக, பச்சை உலோகப் பளபளப்போடு தெரியும். தட்டைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் பட்டுத் திரும்பும்படி பார்த்தால்தான் அந்தப் பளபளப்பு கண்ணில் படும். கிளெப்சியெல்லாவும் என்டரோபாக்டரும் பெரிதாக, இளஞ்சிவப்பாக, சளிபோல் வழவழவென்று, ஒன்றோடொன்று கலந்து நிற்கும். தட்டின் தோற்றம் ஒரு துப்புதான். அதையே முடிவாக எழுதிவிடாதீர்கள்.

விரைவு முறைகள்

தெளிந்த கிணற்றுத் தண்ணீருக்குச் சவ்வு வடிகட்டல் நன்று. 0.45 மைக்ரான் துளையுள்ள 47 மி.மீ. சவ்வில் 100 மி.லி. வடிகட்டி, எம்-எண்டோ ஊடகத்தில் 35 டிகிரியில் 22 முதல் 24 மணி நேரம் வைத்தால், கோலிஃபார்ம் சிவந்த அடித்தளத்தில் பச்சைப் பளபளப்போடு வளரும். 20 முதல் 80 கூட்டங்கள் (காலனிகள்) வரை உள்ள தட்டையே எண்ணுங்கள். கலங்கல் தண்ணீரில் சவ்வு அடைத்துக்கொள்ளும். படிந்த வண்டலின் மேல் கூட்டங்கள் பரவி ஒன்றாகிவிடும்.

நொதி முறையில் இரண்டு நொதிகளைப் பார்க்கிறோம். கோலிஃபார்மின் பீட்டா-கேலக்டோசிடேஸ், ஓஎன்பிஜி என்ற பொருளை உடைத்து மஞ்சள் நிறம் தரும். ஈ.கோலையின் பீட்டா-குளுகுரோனிடேஸ், மக் என்ற பொருளை உடைத்து 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். மஞ்சள் மட்டும் என்றால் கோலிஃபார்ம். மஞ்சளும் ஒளிர்வும் என்றால் ஈ.கோலை. கோலிலெர்ட் போன்ற பொட்டலங்கள் 35 டிகிரியில் 24 மணி நேரத்தில் முடிவு தரும். 28 மணி நேரம் கடந்த பிறகு தோன்றும் மஞ்சளை ஏற்கக் கூடாது. அப்போதும் நிறமில்லாமல் இருந்தால் நெகட்டிவ் என்பது செல்லும். தண்ணீரே பழுப்பாக இருந்தால், பொடி சேர்க்காத அதே தண்ணீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொடி போட்டவுடன் நீலம் மின்னி மறைந்தால் குளோரின் மிகுந்திருக்கிறது, தயோசல்ஃபேட் போதவில்லை என்று பொருள். மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும்.

மாடு வளர்க்கும் பண்ணைகள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். மாட்டின் குடலில் தங்கக்கூடிய, மனிதருக்குக் கடும் நோய் தரும் ஈ.கோலை ஓ157:எச்7 வகை பெரும்பாலும் இந்தக் குளுகுரோனிடேஸ் நொதியைக் காட்டாது, 44.5 டிகிரியிலும் சரியாக வளராது. ஆகவே மேலே சொன்ன எந்த முறையும் அதைத் தேடும் சோதனை அல்ல. சாதாரண ஈ.கோலை இருந்தால் சாணம் கலந்திருக்கிறது, எனவே இதுவும் வந்திருக்கலாம் என்பதே தர்க்கம். சந்தேகம் இருந்தால் அதற்கென்றே உள்ள தனிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வகை பிரிப்பது

தூய வளர்ப்பு இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. இஎம்பி தட்டில் தனித்து நிற்கும் ஒரு கூட்டத்தை எடுத்து நியூட்ரியன்ட் அகாரில் மறுபடி கோடிழுங்கள். எல்லாக் கூட்டங்களும் ஒரே மாதிரி வந்தால் மட்டுமே தொடருங்கள். கலப்பு வளர்ப்பில் நான்கு சோதனை செய்தால், உலகில் இல்லாத ஒரு பாக்டீரியாவின் அடையாளம்தான் கிடைக்கும்.

முதலில் கிராம் சாயம், பிறகு ஆக்சிடேஸ். சூடான பருவத்தில் குளத்திலும் வாய்க்காலிலும் ஏரோமோனாஸ் பெருகும். அதில் சில லாக்டோஸிலிருந்து வாயுவும் தந்து, கோலிஃபார்ம் போலவே ஏமாற்றும். அதை வெளியே தள்ளுவது ஆக்சிடேஸ் சோதனைதான்: ஏரோமோனாஸ் பாசிட்டிவ், கோலிஃபார்ம் நெகட்டிவ். நியூட்ரியன்ட் அகாரில் 24 மணி நேரம் வளர்ந்த கூட்டத்தை மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் வளையத்தால் எடுத்து, வினைப்பொருள் நனைத்த காகிதத்தில் தேயுங்கள். 10 விநாடிக்குள் கருநீலம் வந்தால் பாசிட்டிவ். நிக்ரோம் கம்பியால் எடுத்தால் கம்பியே நீலம் தரும். இஎம்பி தட்டிலிருந்து நேரடியாக எடுத்தால் சாயம் குழப்பும்.

அடுத்து ஐஎம்விக் என்ற நான்கு சோதனைகள்.

இண்டோல்: டிரிப்டோன் ஊடகத்தில் 35 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்து, கோவாக்ஸ் வினைப்பொருள் 0.2 முதல் 0.3 மி.லி. விடுங்கள். மேலே செர்ரிச் சிவப்பு வளையம் வந்தால் பாசிட்டிவ். வினைப்பொருள் பழுப்பாகிப்போயிருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

மெத்தில் ரெட்: எம்ஆர்-விபி ஊடகத்தில் 35 டிகிரியில் 5 நாள். 5 மி.லி. வளர்ப்புக்கு 5 துளி மெத்தில் ரெட். தெளிவான சிவப்பு பாசிட்டிவ், மஞ்சள் நெகட்டிவ். இடைநிற ஆரஞ்சு பெரும்பாலும் நாள் போதவில்லை என்பதைக் காட்டும். முதல் நாளிலேயே பார்த்தால் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். ஏனெனில் எல்லா வகையும் தொடக்கத்தில் அமிலம் உண்டாக்கும். பிறகுதான் கிளெப்சியெல்லாவும் என்டரோபாக்டரும் அந்த அமிலத்தை நடுநிலைப் பொருளாக மாற்றுகின்றன.

வோகஸ்-புரோஸ்கவர்: அதே ஊடகத்தில் 48 மணி நேரம் வளர்ந்ததில் 1 மி.லி. எடுத்து, 5 சதவீத ஆல்ஃபா நாப்தால் 0.6 மி.லி., பிறகு 40 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.2 மி.லி. வரிசை மாறக் கூடாது. வினைக்கு ஆக்சிஜன் தேவை என்பதால் நன்றாகக் குலுக்கி, சாய்த்து வையுங்கள். இளஞ்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரை பாசிட்டிவ். நேரம் கடந்து வரும் செம்பு நிறம் கணக்கில் சேராது.

சிட்ரேட்: சிம்மன்ஸ் சாய்வு அகாரில் ஊசி முனையால் மிக மெல்லிய கோடு ஒன்று. 48 மணி நேரத்தில் பச்சை நீலமானால் பாசிட்டிவ். நெகட்டிவ் என்று எழுத 96 மணி நேரம் வரை காத்திருங்கள். கூட்டத்தை அள்ளி வைத்தால் கூடவே வரும் சத்தில் அது வளர்ந்து பொய்யான முடிவு தரும்.

இனி, நான்கையும் இண்டோல், மெத்தில் ரெட், வோகஸ், சிட்ரேட் என்ற வரிசையில் படியுங்கள். ++−− என்றால் ஈ.கோலை. −+−+ என்றால் சிட்ரோபாக்டர் ஃப்ரூண்டி. இதில் இண்டோல் சில சமயம் பாசிட்டிவாகவும் வரும். −−++ என்றால் கிளெப்சியெல்லா அல்லது என்டரோபாக்டர். இவ்விரண்டையும் ஐஎம்விக் பிரிக்காது. அசைவுச் சோதனை வேண்டும். கிளெப்சியெல்லா நிமோனியே அசையாது, குத்திய கோட்டிலேயே வளரும். என்டரோபாக்டர் கோட்டிலிருந்து பரவி ஊடகத்தைக் கலங்கலாக்கும். 2017இல் என்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்று பெயர் மாறியது, அது அசையும். பழைய கையேடுகளில் பழைய பெயரே இருக்கும். இண்டோல் பாசிட்டிவாக, மற்றவை கிளெப்சியெல்லா போலவே வந்தால் கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்று சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த ஈ.கோலை ஒன்று, கிளெப்சியெல்லா ஒன்று, லாக்டோஸை நொதிக்கவைக்காத சூடோமோனாஸ் ஒன்று, கிருமி நீக்கிய தண்ணீர் ஒன்று வைத்து ஓட்டுங்கள். இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் அன்றைய முடிவுகள் அனைத்தையும் தள்ளிவிட வேண்டும். முடிந்த வளர்ப்புகளை 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே கொட்டுங்கள்.

முடிவைப் படிப்பது, வேலையைத் தொடங்குவது

கிணற்றிலேயே ஈ.கோலை இருந்தால், மலக்கழிவு அண்மையில் உள்ளே வந்திருக்கிறது. போர்வெல் கேசிங் (துளையின் உறைக்குழாய்) தரைமட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கிறதா, அதைச் சுற்றிய சிமென்ட் வெடித்திருக்கிறதா, மழைநீர் அதை நோக்கி வழிகிறதா, சாணக்குழியும் கழிவுநீர்த் தொட்டியும் மேட்டுப்பக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டும் ஈ.கோலை தலைகாட்டினால் மேற்பரப்புத் தண்ணீர் இறங்கும் வழி இருக்கிறது. அது மாட்டினுடையதா மனிதருடையதா என்பதைக் கோலிஃபார்ம் சோதனை சொல்லாது. மலக்கோலிஃபார்மையும் மல ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் வகுத்து மூலத்தைச் சொல்லும் பழைய விகிதக் கணக்கு இப்போது நம்பத்தக்கதாகக் கருதப்படுவதில்லை.

கிணறு சுத்தம், தொட்டிக்குப் பின் −−++ வகைகள் மட்டும் என்றால் தொட்டியிலோ குழாயிலோ உயிர்ப்படலம் (பாக்டீரியா படிந்த வழவழப்பு) இருக்கிறது. ரப்பர் வாஷர், பழைய ஹோஸ், மரப்பலகை, திறந்த மூடி ஆகியவற்றில் தேடுங்கள். குடிக்கும் ஆபத்து குறைவு என்பதால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள். கறவைக் கொட்டகையில் மடி கழுவும் ஹோஸில் கிளெப்சியெல்லா இருந்தால் அது மடிநோய்க்கு வழி. மரத்தூள் படுக்கை உள்ள கொட்டகையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

அளவுகோல் பயன்பாட்டைப் பொறுத்தது. குடிநீரில் எந்த 100 மி.லி. மாதிரியிலும் ஈ.கோலை தென்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பால் பாத்திரம் கழுவும் தண்ணீரும் அறுவடைக்குப் பின் காய்கறி அலசும் தண்ணீரும் இதே தரத்தில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

மூலத்தை அடைத்த பிறகுதான் குளோரின் சிகிச்சை. 15 செ.மீ. விட்டமுள்ள போர்வெல்லில் அடியிலிருந்து 60 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால், அது சுமார் 1060 லிட்டர். லிட்டருக்கு 100 மி.கி. குளோரின் வேண்டுமானால் 106 கிராம். 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் சுமார் 350 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள்; அடி வண்டல் பம்ப்பை அடைக்கும். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடி, 12 முதல் 24 மணி நேரம் நிறுத்துங்கள். அதுவரை கால்நடைக்கு வேறு தண்ணீர் வேண்டும். தண்ணீரின் பிஎச் 8க்கு மேல் இருந்தால் குளோரின் வலுவிழக்கும். பிறகு வாசம் போகும்வரை தண்ணீரை வடிகாலில் விடுங்கள். செடிக்கும் மீன்குளத்துக்கும் போகவிடாதீர்கள்.

அடுத்த நாளே எடுக்கும் மாதிரி அநேகமாகச் சுத்தமாகத்தான் வரும், அதில் பயனில்லை. ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்து அதே மூன்று இடங்களில் எடுங்கள். அடுத்த பலத்த மழை ஓய்ந்தவுடன் இன்னொரு முறை எடுங்கள். முன்பு வந்த அதே வகை அதே இடத்தில் திரும்பினால் மூலம் அடைபடவில்லை. குளோரினைக் கூட்டாமல் கேசிங்கையும் தொட்டியையும் மறுபடி திறந்து பாருங்கள்.